மாமாவையும் பிள்ளைகளையும் பிக் பிட் சுரங்கத்துக்குள் கூட்டிப் போகலாமா?

#1 நியூபோர்ட்_வெண்மதி

எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டர் விடுமுறையில் வேல்ஸில் பிளைனாவன் ஊரில் இருக்கிற பிக் பிட் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். வீட்டிலிருந்து கார்ல முக்கால் மணி நேரம்தான். பெரியவனுக்கு 8 வயசு. பள்ளியில் சுரங்கம் பற்றிப் பாடம் நடத்தியதிலிருந்து தினமும் அதே பேச்சு. சின்னவளுக்கு 4 முடியப் போகிறது. ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருக்கிறார்கள். மாமாவுக்கு 70, முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, மற்றபடி நல்ல திடம். அத்தைக்கு லிஃப்ட் என்றாலே மூச்சு முட்டும்.

குழந்தைகளை உள்ளே விடுவார்களா, பயப்படுவார்களா, பெரியவர்களால் நடக்க முடியுமா? குடும்பத்தோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, மாமா கோலார் தங்கவயலில் 25 வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சர்ப்ரைஸாக வைத்திருக்கிறோம்.

#2 கார்டிஃப்_இளவரசன்

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

முதலில் சின்னவள் விஷயம். கீழே போக ஒரு மீட்டர் உயரமாவது இருக்கணும். அங்கேயே அளந்து பார்ப்பார்கள். ஒரு அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள், அதில் கெஞ்சிப் பயன் இல்லை. ஏன் என்றால் ஆளாளுக்கு ஹெல்மெட், தலைவிளக்கு, இடுப்பில் பேட்டரி, கூடவே ஒரு சின்ன டப்பா கட்டிவிடுவார்கள். அந்த டப்பா, கார்பன் மோனாக்சைடு பரவினால் மூச்சுவிட உதவும் கருவி. எல்லாம் சேர்த்து 5 கிலோ கிட்ட வரும். வீட்டிலேயே உயரத்தை அளந்துவிட்டுப் போங்கள், அங்கே போய்க் குழந்தை அழுவதைத் தவிர்க்கலாம்.

ஃபோன், வாட்ச், கார் சாவி, லைட்டர், பேட்டரி இருக்கிற எதுவும் கீழே போகக்கூடாது. வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெறும் சம்பிரதாயம் இல்லை இது. நிலக்கரிப் பாறையிலிருந்து மீத்தேன் கசியும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 1980 பிப்ரவரியில் கரி வெட்டுவது நின்றுபோனாலும், சுரங்கத்துக்கான சட்டம் இன்றைக்கும் அந்த இடத்துக்குப் பொருந்தும். அதனால் உள்ளே ஒரு ஃபோட்டோகூட எடுக்க முடியாது. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஆழம் 90 மீட்டர். கூண்டில் இறக்குவார்கள். கீழே 50 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நடை. தரை சமமாக இருக்காது, சில இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும், சில இடத்தில் நன்றாகக் குனிய வேண்டும். உங்கள் மாமாவுக்கு முழங்காலைவிட இடுப்புக்குத்தான் வேலை. நல்ல ஷூ, கோடையானாலும் ஒரு ஸ்வெட்டர்.

அத்தையும் சின்னவளும் மேலேயே இருந்தாலும் பொழுது வீணாகாது. 1939-ல் தொழிலாளிகளுக்காகக் கட்டிய குளியல் கட்டடம் அப்படியே இருக்கிறது. அதற்கு முன்னால் கரிப் புழுதியோடுதான் வீட்டுக்குப் போய், அடுப்படியில் தகரத் தொட்டியில் குளிப்பார்களாம். தண்ணீர் சுமந்து காய்ச்சியது யார் என்று சொல்லவேண்டியதில்லை. கீழே போக முடியாதவர்களுக்கு என்றே தரைமட்டத்தில் சுரங்கம் மாதிரி ஒரு கண்காட்சியும் உண்டு. இயந்திரம் ஓடும் சத்தத்தோடு நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

மியூசியத்துக்குள் நுழைய இலவசம். கீழே இறங்குவதற்கான கட்டணம், முன்பதிவு எல்லாம் அவர்கள் தளத்தில் அன்றைய நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது.

#3 பிரிஸ்டல்_மலர்விழி

அத்தையை வற்புறுத்தவே வற்புறுத்தாதீங்க. எனக்கும் அதே பயம்தான். என் பையனுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு வரிசையில நின்னேன். ஹெல்மெட் மாட்டி பெல்ட் கட்டினதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. வழிகாட்டி ஒருத்தர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டார். "இங்க திரும்பிப் போறதுல ஒரு வெட்கமும் இல்லம்மா, கீழ போனப்புறம் தெரியறதைவிட இப்ப தெரியறது நல்லது"ன்னு சொல்லி அவரே பெல்ட்டை அவிழ்த்துவிட்டார். அதை இப்ப நினைச்சாலும் நன்றியா இருக்கு. மேல கான்டீன்ல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு மலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

கீழ ஒரு இடத்துல எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வாங்க. கைய முகத்துக்கு நேரா வெச்சாலும் தெரியாதாம். பெரியவன்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. என் பையன் அந்த நேரத்துல அவங்கப்பா கையைப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சிருந்தது.

#4 போலந்து_குமரன்

பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போவதென்றால் என் ஓட்டு கிராகோவ் பக்கத்து வியலிச்சிகா உப்புச் சுரங்கத்துக்கு. உப்புப் பாறையிலேயே செதுக்கிய தேவாலயம், உப்புப் படிகத்தில் தொங்குவிளக்கு. அந்தத் தேவாலயம் 101 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. 1978-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். அகலமான பாதை, நல்ல வெளிச்சம், மூச்சு முட்டாது. ஆனால் ஆரம்பத்திலேயே 380 படி இறங்கணும், மொத்தத்தில் 800 படி. முழங்கால் வலிக்காரர் யோசித்துக்கொள்ளட்டும். திரும்பி வர லிஃப்ட் உண்டு.

#5 சாம்பியன்ரீஃப்_பேரன்

வெண்மதி அக்கா, படி, உயரம், ஸ்வெட்டர் எல்லாம் அப்புறம். உங்கள் முதல் பதிவின் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

சர்ப்ரைஸ் வேண்டாம். தயவுசெய்து முதலில் அவரிடம் கேளுங்கள்.

நான் தங்கவயலில் பிறந்தவன். என் தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தார். அந்தச் சுரங்கம் 3,200 மீட்டருக்கும் கீழே போனது. இளவரசன் அண்ணன் சொன்ன 90 மீட்டரோடு ஒப்பிட்டால் 35 மடங்கு. அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். 60 டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றைத் தனியாக உள்ளே அனுப்பித்தான் ஆள் நிற்க முடிந்தது. மேலே இருக்கிற மலையின் கனமெல்லாம் வெட்டின இடத்தை அமுக்கும், திடீரென்று பாறை வெடிக்கும். எங்கள் ஊரில் அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பேர். கீழே வெடித்தால் மேலே தொழிலாளிகளின் லைன் வீடுகளில் பாத்திரம் ஆடும். ஆடின மறு நிமிஷம் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட், அதாவது ஆளை இறக்குகிற செங்குத்துக் குழி, வாசலுக்கு ஓடுவார்கள். என் பாட்டி அப்படி எத்தனையோ தடவை ஓடியிருக்கிறாள்.

தாத்தாவுக்குக் கல்தூசி நுரையீரலில் இறங்கி சிலிகோசிஸ் வந்தது. கடைசி மூன்று வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். பெங்களூரில் ஒரு பொருட்காட்சியில் செயற்கைக் குகை ஒன்று வைத்திருந்தார்கள், நாங்கள் ஆசையாக அவரைக் கூட்டிப்போனோம். நாலு அடி எடுத்துவைத்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை.

எல்லாரும் இப்படி என்று சொல்லமாட்டேன். என் பெரியப்பா இன்றைக்குக் கூப்பிட்டாலும் இறங்கத் தயாராக இருப்பார். யார் எந்த மாதிரி என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

#6 நியூபோர்ட்_வெண்மதி

தம்பி, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அவர் அப்பா சுரங்கத்துக்குள் என்ன வேலை செய்தார் என்பதே தனக்குச் சரியாகத் தெரியாது என்றார்.

இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாமாவிடம் கேட்டோம். பதில் சொல்லவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்கள். விட்டுவிட்டோம்.

#7 தென்றல்_லெஸ்டர்

நான் இதில் மாற்றுக் கருத்து உள்ளவன். கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே வேல்ஸில் 1913-ல் செங்கெனித் சுரங்கத்தில் ஒரே நாளில் 439 தொழிலாளிகள் இறந்தார்கள். மீட்கப் போனவர்களில் ஒருவரும் இறந்தார். 1966-ல் அபெர்வானில் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில் 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். இவ்வளவு உயிர் போன தொழிலை விடுமுறை நாள் வேடிக்கையாக ஆக்குவதும், ஹெல்மெட் மாட்டிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. பெரியவரைக் கூட்டிப்போவது அதைவிடச் சங்கடம்.

#8 கார்டிஃப்_இளவரசன்

தென்றல் ஐயா, நீங்கள் சொல்கிற இரண்டு ஊருக்கும் போய் நினைவிடத்தில் நின்றிருக்கிறேன். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிக் பிட்டை வேடிக்கைப் பூங்கா என்று நினைக்காதீர்கள். வழிகாட்டிகள் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதர்கள். 1984 மார்ச்சிலிருந்து ஒரு வருஷம் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளம் இல்லாமல் இருந்ததை ஒருவர் சொல்லக் கேட்டேன். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கவில்லை, பேசும்போது அவருக்குக் குரல் கட்டியது. 1923-ல் 1,300-க்கு மேல் ஆட்கள் அந்த ஒரே சுரங்கத்தில் வேலை செய்திருக்கிறார்கள். மூடும்போது சில நூறு பேர்தான். அவர்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது. இன்னும் பத்து இருபது வருஷம் போனால் தன் கையால் கரி வெட்டின ஆள் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்கவே முடியாது. பிள்ளைகளை இப்போதே கூட்டிப்போகச் சொல்வது அதற்காகத்தான்.

தங்கவயலில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினதோடு சரி. ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது.

#9 சாம்பியன்ரீஃப்_பேரன்

ஆமாம் அண்ணா. எங்களுக்கு மிஞ்சினது தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டின சயனைடு மண் மேடுதான். காற்றடித்தால் வீட்டுக்குள் வெள்ளைத் தூசி.

1965-ல் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோ என்கிற நுண்துகளை உலகத்தில் முதன்முதலாகக் கண்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். அவ்வளவு கீழே இடத்தை வெட்டிக் கொடுத்தது வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த ஜனங்களின் கை. ஒரு பிள்ளைக்கும் அதைக் காட்ட முடியவில்லை. தென்றல் ஐயா, காட்டாமல் விட்டால் அது மரியாதை ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

#10 பிரிஸ்டல்_மலர்விழி

குழந்தைங்க பத்தி ஒண்ணு. கீழ ஒரு மரக்கதவு இருக்கும். காத்து சரியான பக்கம் ஓட அந்தக் கதவு எப்பவும் மூடியே இருக்கணும். வண்டி வரும்போது திறந்து மூட அந்தக் காலத்துல அஞ்சாறு வயசுக் குழந்தைங்களை இருட்டுல உட்கார வெச்சாங்களாம், பன்னிரண்டு மணி நேரம். என் பையன் அதைக் கேட்டுட்டு வந்து ராத்திரி தூங்கலை. "அந்தப் பையனுக்கு விளக்கு தரலையாம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். சொல்லக்கூடாதுன்னு இல்ல. நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க.

#11 கார்டிஃப்_இளவரசன்

மலர்விழி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், பெரியவன் பள்ளியில் எழுதினால் சரியாக எழுதட்டும் என்பதற்காக. பெண்களும் பத்து வயசுக்குக் கீழ்ப்பட்ட பையன்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக்கூடாது என்று 1842-லேயே சட்டம் வந்துவிட்டது. பிக் பிட்டின் பெரிய ஷாஃப்ட் 1860 வாக்கில் வந்தது. ஆக, அந்த அஞ்சு வயசுக் குழந்தைகள் அதற்கு முந்தைய காலத்துச் சுரங்கங்களில் உட்கார்ந்தவர்கள். அப்புறமும் பத்து வயசுப் பையன்கள் போனார்கள், அது குறைந்த கொடுமை ஒன்றும் இல்லை.

குதிரை லாயத்தை மறக்காமல் காட்டுங்கள். கரி வண்டி இழுத்த குதிரைகளுக்குக் கீழேயே லாயம். வருஷத்துக்கு ஒரு தடவை கோடை விடுமுறைக்கு மட்டும் மேலே வந்து புல்லில் நிற்குமாம்.

#12 நியூபோர்ட்_வெண்மதி

ஒரு செய்தி. கேட்ட மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது மாமா தானாகவே, "எத்தனை அடி?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "300 அடி மாமா" என்றேன். "அது இறங்கினதுக்கே சேர்த்தி இல்லையேம்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேஜ் இருக்கா, இல்லை படியா?" அப்புறம், "மரம் கட்டியிருக்காங்களா?" வரேன் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் சனிக்கிழமைக்கு ஷூவைத் துடைத்து வைத்துவிட்டார். போகிறோம்.

#13 நியூபோர்ட்_வெண்மதி

போய் வந்துவிட்டோம். எழுதவே இரண்டு நாள் ஆயிற்று.

சின்னவள் 98 செமீ. வீட்டிலேயே அளந்துவிட்டதால் அழவில்லை. அத்தையோடு மேலே இருந்து, குளியல் கட்டடத்தில் வரிசை வரிசையாக நிற்கிற லாக்கரை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் நாலு பேர் இறங்கினோம்.

வாட்சைக் கழற்றச் சொன்னதும் மாமாவுக்கு ஆச்சரியம். தங்கப் பாறையில் இந்த எரிவாயுத் தொல்லை இல்லையாம். "உங்களுக்கு வாயு, எங்களுக்குப் பாறை" என்று வழிகாட்டியிடம் தமிழிலேயே சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெரியவர் நின்று மாமாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். எங்கே, எவ்வளவு ஆழம், என்ன வேலை என்று கேட்டார். டிம்பர்மேன், அதாவது மேற்கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கிறவர், என்று மாமா சொன்னதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கூண்டு கிளம்பும் முன் மணி மூன்று தடவை அடித்தது. மாமா என் பையன் காதில், "மூணு அடிச்சா ஆள் ஏறுதுன்னு அர்த்தம். ஒண்ணு அடிச்சா நிக்கணும்" என்றார். வழிகாட்டி அதையே இங்கிலீஷில் எல்லாருக்கும் அப்புறம் சொன்னார். என் பையன் தாத்தாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அங்கேயும் அதே மணி. தங்கவயலை நடத்தியது லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி என்பது எனக்குத் தெரியும், ஆனால் மணிச் சத்தம்வரை ஒன்றாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கீழே ஒரு இடத்தில் மர முட்டு. மாமா நின்றார். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு மேற்கூரையைத் தட்டினார். கூட்டத்தில் யாரும் பேசவில்லை. "மரம் உடையறதுக்கு முன்னாடி பேசும். முனகும். நாம ஓடிடலாம். இரும்பு பேசாது" என்றார். நான் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெரியவர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார். தன் அப்பாவும் இதையேதான் சொல்லிக் கொடுத்தார் என்றார். "ஆனா ரொம்ப ஆழத்துல மரமும் தாங்காது. கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவோம்" என்று மாமா கையால் அடுக்கிக் காட்டினார். அவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்கள் குழு அந்த இடத்தில் பத்து நிமிஷம் நின்றது.

விளக்கை அணைத்தபோது என் பையன் என் கையைத் தேடவில்லை. தாத்தா பக்கம் நகர்ந்துவிட்டான். அந்த இருட்டில் மாமாவின் மூச்சுச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. விளக்கு வந்ததும் முகத்தைப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. தம்பி சொன்னது ஞாபகம் வந்து, "மேலே போயிடலாமா மாமா?" என்றேன். "இரும்மா" என்றார்.

மேலே வந்து புளிசாதத்தைப் பிரித்தோம். சாப்பிடும்போதுதான் சொன்னார். கூட வேலை பார்த்தவர் ஒருவர், 1989-ல், முனகின சத்தத்தை இவர் கேட்டு இந்தப் பக்கம் ஓடினார், அவர் அந்தப் பக்கம் ஓடினார். அத்தைக்கு இது தெரியும். வீட்டுக்காரருக்குத் தெரியாது. 36 வருஷம்.

#14 தென்றல்_லெஸ்டர்

வெண்மதி, படித்தேன். நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன் என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#15 சாம்பியன்ரீஃப்_பேரன்

அக்கா, ஆபீஸில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் எழுத வரவில்லை.

#16 நியூபோர்ட்_வெண்மதி

தம்பி, இந்த இழையை மாமாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். உங்கள் தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். எந்த ஷாஃப்ட் என்று கேட்கச் சொல்கிறார்.

#17 சாம்பியன்ரீஃப்_பேரன்

கிஃபோர்ட்ஸ் ஷாஃப்ட். பெரும்பாலும் நைட் ஷிப்டு. இடது கையில் சுண்டுவிரல் கிடையாது.

#18 நியூபோர்ட்_வெண்மதி

என் எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். கூப்பிடுங்கள். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, மாமா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்.